நாற்பது என்றால் எத்தனை?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. கொங்குப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கும் அண்ணன். "தம்பி, நாப்பதுன்னா நாப்பதுதானுங்களே? நான் நாப்பது பொட்டி அனுப்புனேனுங்க. அவங்க நாப்பது உருப்படின்னு நீங்க சொல்லியிருக்கீங்கங்கறாங்க. பணத்துல பிடிச்சுட்டாங்க தம்பி."

அப்போது என் வேலை, ஒரு கம்பெனியின் மென்பொருள் பேசுவதை இன்னொரு கம்பெனியின் மென்பொருளுக்குப் புரியவைப்பது. இன்டகிரேஷன் என்று அதற்குப் பெயர். வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அண்ணனின் கம்பெனி ஒரு வெளிநாட்டுச் சங்கிலிக்கடைக்குச் சரக்கு அனுப்புகிறது. சரக்கு போய்ச் சேரும் முன்பே "இத்தனை வருகிறது" என்று ஒரு மின்தகவல் போயாக வேண்டும். தகவலும் சரக்கும் ஒத்துப்போகாவிட்டால், கடைக்காரர் அபராதத்தைப் பில் தொகையிலேயே கழித்துக்கொள்வார். யாரிடமும் கேட்க மாட்டார்.

தேடிப் பார்த்தேன். அண்ணனின் மென்பொருள் பெட்டியை 'பிஎக்ஸ்' என்று எழுதுகிறது. கடையின் மென்பொருளுக்குப் பெட்டி என்றால் 'சிடி'. இரண்டுக்கும் நடுவே நாங்கள் வைத்திருந்த அட்டவணையில் 'பிஎக்ஸ்' என்ற வார்த்தையே இல்லை. தெரியாத வார்த்தை வந்தால் 'ஈஏ', அதாவது தனி உருப்படி, என்று எடுத்துக்கொள்ளும்படி அதில் ஒரு வரி இருந்தது. பெட்டிக்கு 24 வீதம் 960 பனியன்கள் கப்பலில் போய்க்கொண்டிருக்க, தகவல் மட்டும் 40 பனியன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான்.

இந்தத் துறையின் வரலாற்றைக் கம்பி, வேகம், புரோட்டோகால் என்று எழுதுவார்கள். எனக்கு அது வேறு ஒரு கேள்வியின் வரலாறாகவே தெரிகிறது. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், இரண்டு பேரிடமும் வேறு வேறு வார்த்தைகள் இருக்கின்றன. யாருடைய வார்த்தையில் பேசுவது? மாற்றிக்கொள்கிறவர் யார், அதற்கான செலவு யார் தலையில்?

நம் ஊருக்கு இது புதிதல்ல. படி என்பது ஊருக்கு ஊர் வேறாக இருந்த காலம் நம் தாத்தாக்களுக்கு நினைவிருக்கும். பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. நெல் அளக்கிறவரின் கையில் எந்தப் படி இருக்கிறது என்பதில்தான் குத்தகைக்காரரின் வருடம் இருந்தது. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை மெல்ல மெல்ல நிலைபெற்ற பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஒரு அரசாங்கமே வந்து உட்கார வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர்களின் படிச் சண்டை தொடங்கிய இடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவதில் கம்ப்யூட்டரே இல்லை. 1948 ஜூனில் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், நீர்வழிகளை அடைத்தன. உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஆகாயத்திலிருந்து ஊட்டத் தொடங்கின. மாவு, பால்பவுடர், உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும்விட அதிகமாக நிலக்கரி. 1949 செப்டம்பரில் முடியும்வரை ஏறக்குறைய 2,78,000 விமானப் பயணங்கள், 23 லட்சம் டன் சரக்கு. 1949 ஈஸ்டரின்போது ஒரே நாளில், 24 மணி நேரத்தில், 1,398 விமானங்கள் வந்து இறங்கின. நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. இதை நடத்தியவர் ஜெனரல் வில்லியம் டன்னர். அதற்கு நாலு வருடம் முன்பு அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானப் பாலத்தை நடத்தியவரும் அவர்தான். தரையிறங்க முடியாமல் தவறவிட்ட விமானம் வட்டமடித்துக் காத்திருக்கக்கூடாது, சரக்கோடு திரும்பிப் போய்விட வேண்டும் என்று சட்டம் போட்டவர்.

வானத்தில் ஒழுங்கு வந்துவிட்டது. காகிதத்தில் வரவில்லை. ஒவ்வொரு சரக்கோடும் வரும் பட்டியல் ஒவ்வொரு வடிவத்தில், சில சமயம் வேறு வேறு மொழிகளில் இருந்தது. விமானம் நிமிடத்துக்கு ஒன்று இறங்குகிறது, உள்ளே என்ன என்று படித்துப் புரிந்துகொள்ள அதைவிட நேரமாகிறது என்றால் என்ன செய்வது? எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட்டும் உடன் இருந்தவர்களும் ஒரே மாதிரியான ஒரு பட்டியலை வகுத்தார்கள். டெலக்ஸிலும் ரேடியோவிலும் அனுப்பலாம், போனிலும் வாசித்துவிடலாம். எந்த இடத்தில் எது வரும் என்று இரு பக்கமும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் கம்பி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. விஷயமே இவ்வளவுதான். பிறகு வந்த 70 வருடங்களும் இந்த ஒரு வரியின் உரைதான் என்று சொன்னால் என் பழைய மேனேஜர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்கிறேன்.

கில்பர்ட் ராணுவத்திலிருந்து டூபாண்ட் ரசாயனக் கம்பெனிக்குப் போனார். 1960களின் தொடக்கத்தில் டூபாண்டுக்கும் அதன் சரக்கை ஏற்றிச் செல்லும் கெமிக்கல் லீமன் டேங்கர் லாரி நிறுவனத்துக்கும் இடையே இதே யோசனையைப் பொருத்தினார். 1965இல் ஹாலந்து-அமெரிக்கா கப்பல் நிறுவனம் அட்லாண்டிக்கைத் தாண்டிச் சரக்குப் பட்டியலை டெலக்ஸில் அனுப்பி, மறுகரையில் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது. 1968இல் ரயில், லாரி, கப்பல், விமான நிறுவனங்கள் சேர்ந்து போக்குவரத்துத் தகவல் ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைத்தன. அதற்குத் தலைமை ஏற்றவரும் கில்பர்ட்தான். 1975இல் அந்தக் குழு தன் முதல் தரநிலையை வெளியிட்டது. நாம் இன்று இடிஐ என்று சொல்லும் மின்னணுத் தகவல் பரிமாற்றத்தின் பிறந்த தேதி எது என்று கேட்டால் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லலாம்.

1979இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் எக்ஸ்12 என்ற குழுவை அமைத்தது. இந்த மொழியில் 850 என்றால் கொள்முதல் ஆர்டர், 810 என்றால் இன்வாய்ஸ், 856 என்றால் "சரக்கு கிளம்பிவிட்டது". 997 என்று ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. "நீ அனுப்பியது வந்து சேர்ந்தது" என்பது மட்டுமே அதன் பொருள். படித்தேன், எழுத்துக்கள் சரியாக இருக்கின்றன, அவ்வளவுதான். ஆர்டரை ஏற்கிறேனா இல்லையா என்று அது சொல்லாது. நாம் போனில் "ம்" கொட்டுவது மாதிரி. 'ம்' கொட்டியதைச் சம்மதம் என்று நினைத்து மோசம் போனவர்கள் இந்தத் துறையிலும் நிறைய.

ஐரோப்பியர்களுக்கு எக்ஸ்12 போதவில்லை. பிரிட்டன் தனக்கென்று ஒன்று வைத்திருந்தது, மற்றவர்களும் வைத்திருந்தார்கள். 1987இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் எடிஃபாக்ட் சர்வதேசத் தரநிலை ஆனது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று கிளம்பியவர்கள் கையில் இரண்டு பெரிய மொழிகள் வந்து நின்றன.

அதுகூடப் பரவாயில்லை. உண்மையான வினை வேறு இடத்தில் இருந்தது. தரநிலை என்பது இலக்கணம். அந்த இலக்கணத்துக்குள் ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தன் வட்டார வழக்கைப் பேசியது. கார் நிறுவனங்களும் பெரிய கடைகளும் தத்தம் சப்ளையர்களுக்குத் தடிமனான வழிகாட்டி ஏடுகளை அனுப்பின. இந்தக் கட்டத்தில் எங்கள் கடை எண்ணைப் போடு, அந்தக் கட்டத்தை விட்டுவிடு, தேதியை இப்படி எழுது. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் ஒரே தமிழ்தான், ஆனால் நாற்காலிக்கு ஒரு பெயர் தவறினால் அபராதம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே சொன்னார்கள். நாலு கடைகளுக்குச் சரக்குப் போடும் சின்னக் கம்பெனி நாலு வழக்கையும் கற்றுக்கொள்ள வேண்டும். இடிஐ பேசாதவனிடம் வாங்க மாட்டோம் என்று 1980களில் பெரியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். பேசித்தான் ஆக வேண்டும்.

இந்தத் தகவல்களைச் சுமந்து சென்ற தனியார் வலையமைப்புகள் தபால் பெட்டி போல வேலை செய்தன. எழுத்துக்குக் காசு. ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். தகவல்கள் ஏன் இவ்வளவு சுருக்கமாக, தந்தி பாஷையில் இருக்கின்றன என்று முதல்முறை பார்க்கிற பையன்கள் கேட்பார்கள். காரணம் கஞ்சத்தனம்தான். சப்ளையர் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? பல இடங்களில் கம்ப்யூட்டருக்கு வந்த ஆர்டரை ஒருவர் காகிதத்தில் அச்சடித்துக் கிழித்து, பக்கத்து மேசைக்குக் கொண்டுபோய், இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திரும்பத் தட்டினார். அனுப்புகிறவர் பக்கம் தானியங்கி, வாங்குகிறவர் பக்கம் ஒரு மனிதர். அறிக்கைகளில் அது முழுமையான இணைப்பு என்றே எழுதப்பட்டது.

சரி, கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையேதானே இந்தப் பாடு, ஒரே கம்பெனிக்குள் சுலபமாக இருக்குமே? இருக்கவில்லை. விற்பனைப் பிரிவுக்கு ஒரு கணக்கு, கிடங்குக்கு ஒரு கணக்கு, பேரேடு எழுதுகிறவருக்கு ஒன்று. மூன்றும் தனித்தனி நிரல்கள், பெரும்பாலும் ராத்திரியில் மொத்தமாக ஓடுபவை. காலையில் விற்றது சாயங்காலம் கிடங்குக்குத் தெரியாது. 1972இல் ஐபிஎம்மின் ஜெர்மன் கிளையிலிருந்து ஐந்து பேர் வெளியே வந்தார்கள். டீட்மார் ஹோப், ஹாஸோ பிளாட்னர், கிளவுஸ் வெல்லன்ராய்தர், கிளவுஸ் சீரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர். அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் எஸ்ஏபி. முதல் வாடிக்கையாளர் ஓஸ்ட்ரிங்கனில் இருந்த ஐசிஐ நைலான் ஆலை. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லாததால் அந்த ஆலையின் கம்ப்யூட்டரிலேயே ராத்திரிகளில் நிரல் எழுதினார்கள். அவர்களுடைய மென்பொருளின் பெயரில் வந்த 'ஆர்' என்ற எழுத்துக்கு ரியல்டைம் என்று பொருள். நடக்கிறபோதே பதிவாக வேண்டும், ஒரே இடத்தில் பதிவாக வேண்டும், எல்லாப் பிரிவும் அதையே பார்க்க வேண்டும்.

இது இணைப்புப் பிரச்சினைக்கு வேறு வகைத் தீர்வு. மொழிபெயர்ப்பாளரை வைப்பதற்குப் பதில் எல்லாரையும் ஒரே மொழி பேச வைத்துவிடுவது. 1992இல் வந்த ஆர்/3 உலகம் முழுக்கப் பரவியது. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்கள் 2000இல் கவிழ்ந்துவிடும் என்ற பயம் அதற்கு உதவியது. ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக மாற்றிவிடலாம் என்று பல நிறுவனங்கள் முடிவெடுத்தன. சென்னையிலும் ஹைதராபாதிலும் பெங்களூருவிலும் ஒரு தலைமுறை விமானம் ஏறியது அந்தப் பயத்தின் புண்ணியத்தில்தான். நம் வீடுகள் சிலவற்றின் மாடி அப்படி வந்தது.

அந்த அவசரத்தில் நடந்த ஒரு கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் எஸ்ஏபியோடு வேறு இரண்டு நிறுவனங்களின் மென்பொருட்களையும் சேர்த்துக் கோத்து, 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இயக்கியது. ஜூலை என்பது அங்கே ஹாலோவீன் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் காலம். தீபாவளிக்கு முந்தின மாதம் பட்டாசுக் கடைக்காரர் கல்லாவை மாற்றின மாதிரி. ஏறக்குறைய 10 கோடி டாலர் சரக்கை அந்தப் பருவத்தில் கடைகளுக்குக் கொடுக்க முடியாமல் போனது. சாக்லேட் இல்லாமல் இல்லை. கிடங்கில் நிரம்பிக் கிடந்தது. அதில் ஒரு நுணுக்கத்தை அப்போது பத்திரிகைகள் எழுதின. பரபரப்பான மாதங்களில் ஆலைக்குள் கிடைத்த காலியிடங்களில் எல்லாம் பெட்டிகளை அடுக்கிவைப்பது பழைய வழக்கம். எது எங்கே என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மென்பொருளின் பட்டியலில் அந்த இடங்கள் இல்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் இருக்கும் சரக்கு, மென்பொருளைப் பொறுத்தவரை இல்லாத சரக்கு.

என் அட்டவணையில் இல்லாத 'பிஎக்ஸ்' மாதிரி.

எல்லாவற்றையும் ஒரே மென்பொருளாக்க முடியாது என்று தெரிந்த பிறகு நடுவில் ஒரு தரகரை வைக்கும் யோசனை வலுத்தது. கணக்கு எளிது. பத்து மென்பொருட்கள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசினால் 45 இணைப்புகள். ஐம்பது என்றால் 1,225. எல்லாரும் நடுவில் உள்ள ஒருவரிடம் மட்டும் பேசினால் ஐம்பதே ஐம்பது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே வால் ஸ்ட்ரீட் வர்த்தக அறைகளுக்காகக் கட்டிய தகவல் பேருந்து, 1993இல் ஐபிஎம் வெளியிட்ட எம்க்யூசீரீஸ் என்று வரிசையாக வந்தன. பிறகு எக்ஸ்எம்எல், வெப் சர்வீஸ், ஏபிஐ. ஒவ்வொன்றும் வந்தபோது இனி இணைப்பு என்பது பிரச்சினையே இல்லை என்றார்கள். கம்பி ஒவ்வொரு முறையும் நன்றாகவே ஆனது, அதை மறுக்கவில்லை. நடுவில் இருக்கும் தரகரிடம் ஒரு அட்டவணை இருக்கிறது, அதை ஒரு ஆள் எழுதுகிறார் என்பது மட்டும் மாறவில்லை. அந்த ஆளாக நான் ஆறு வருடம் இருந்தேன்.

2018 ஏப்ரலில் நான் அந்த இருக்கையில் இருந்தபோதுதான் டிஎஸ்பி வங்கியின் செய்தி வந்தது. பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்து, ஸ்பெயினின் சபடெல் வங்கி வாங்கிய வங்கி அது. பிரிந்த பிறகும் லாயிட்ஸின் கணினி அமைப்பைத்தான் வாடகைக்கு வைத்திருந்தது. 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரு வார இறுதியில் சபடெல் கட்டிய புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். தகவல்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் புது அமைப்பு நிற்கவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு திறந்தது. உச்சத்தில் 19 லட்சம் பேர் வெளியே பூட்டப்பட்டார்கள். அந்த வங்கிக்கு இரண்டு தரவு மையங்கள் இருந்தன. சுமையைத் தாங்குமா என்று சோதித்தது அதில் ஒன்றில் மட்டும் என்று பின்னால் நடந்த விசாரணை அறிக்கை சொன்னது. செலவு 33 கோடி பவுண்டு, புகார்கள் 2,25,492. எல்லாம் சரியாக டிசம்பர் ஆனது. தலைமை அதிகாரி பதவி விலகினார். 2022இல் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது, அடுத்த வருடம் அதன் தகவல்தொழில்நுட்பத் தலைவருக்குத் தனியாக 81,620 பவுண்டு. இந்தத் துறையில் ஒரு தனி மனிதர் பெயரில் அபராத ரசீது எழுதப்பட்டது மிக அபூர்வம். எங்கள் குழுவில் அந்தச் செய்தியை எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினோம். யாரும் எதுவும் எழுதவில்லை.

பெரிய வங்கி விழுந்தால் விசாரணைக் குழு வருகிறது. பனியன் கம்பெனி அண்ணனுக்கு வராது. அவருக்கு வந்தது ஒரு பிடித்தம். அதை எதிர்த்து முறையிட ஒரு இணையப் படிவம் உண்டு, அதுவும் கடைக்காரரின் மொழியில்.

இப்போது அவர் கற்றுக்கொள்ள இன்னொரு மொழியும் வந்துவிட்டது. 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள இந்திய நிறுவனங்கள் தங்கள் இன்வாய்ஸை ஜிஎஸ்டியின் பதிவுத் தளத்துக்கு அனுப்பி 64 எழுத்து அடையாளம் ஒன்றை வாங்க வேண்டும் என்றானது. அது இல்லாமல் அந்த இன்வாய்ஸ் செல்லாது. வரம்பு 100 கோடி, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி. டாலியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சின்னக் கம்பெனிகள்கூட ஒரு அரசாங்க மென்பொருளோடு தினமும் பேசத் தொடங்கின. எக்ஸ்12 நாற்பது வருடம் போராடியும் செய்ய முடியாததை வரிச் சட்டம் மூன்று வருடத்தில் செய்தது. இதில் எனக்கு மரியாதை உண்டு. குறைந்தபட்சம் நாலு கடைக்கு நாலு வழக்கு இல்லை, எல்லாருக்கும் ஒரே படி. அந்தப் படியை அளக்கிறவரே வரியும் வாங்குகிறவர் என்பது வேறு விஷயம்.

அந்தப் பட்டியலில் அளவு அலகுகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பைகள், பெட்டிகள், அட்டைப் பெட்டிகள், டஜன், எண்ணிக்கை, உருப்படி, கிலோ, மீட்டர் என்று வரிசையாக மூன்றெழுத்துக் குறிகள். கடைசிப் பக்கம் ஒரு குறி: ஓடிஹெச். மற்றவை. எத்தனை யோசித்துப் பட்டியல் போட்டாலும் பட்டியலுக்கு வெளியே ஒன்று இருக்கும் என்று தெரிந்த யாரோ அதை எழுதியிருக்கிறார்கள். நான் 'ஈஏ' என்று எழுதிய இடத்தில் இப்படி ஒன்றை எழுதியிருக்கலாம். குறைந்தது, தெரியாத வார்த்தை வந்தால் நின்றுவிடு, யாரையாவது கேள் என்றாவது எழுதியிருக்கலாம். நின்றால் டிக்கெட் வரும், டிக்கெட் வந்தால் கணக்கில் ஏறும், மாதக் கடைசியில் எங்கள் எண் கெட்டுப்போகும். அதனால்தான் நிற்காதபடி எழுதினேன்.

அட்டவணையில் 'பிஎக்ஸ்' என்று ஒரு வரி சேர்க்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்கு அனுமதி வாங்க ஒன்பது நாள். பிடித்த பணம் திரும்பி வரவில்லை. அண்ணனிடம் தவறு எங்கள் பக்கம்தான் என்று சொன்னேன். "அட விடுங்க தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மொதலாளிகிட்ட நீங்களே ஒருக்கா சொல்லிருங்க, எம்மேல கோவமா இருக்காரு" என்றார். போன் செய்து சொன்னேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு லோடு கிளம்பும்போதும் தகவல் முறைப்படி போகும், கடையிலிருந்து 997 முறைப்படி திரும்பி வரும். அது வந்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடிக்கும்.

"தம்பி, இன்னிக்கு நூத்தி இருவது. பொட்டிங்க."

"பெட்டிதாங்கண்ணா. பார்த்துட்டேன்."